ஒரே நாற்றங்கால் நாற்று. ஒரு வயலில் மட்டும் குலை நோய் ஏன்?

நெற்பயிரைத் தாக்கும் நோய்களுள் விவசாயிகளுக்குப் பெருத்த நஷ்டத்தை உண்டாக்குவது குலை நோய். 1919ஆம் ஆண்டில் தஞ்சை டெல்டாவில் இந்நோய் கடுமையாகப் பரவிப் பயிரை அழித்தது. நூறாண்டு கடந்த பின்னும், கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் பனி இறங்கத் தொடங்கியதும் இந்நோய் தலைகாட்டத் தவறுவதில்லை.

வயல்களைப் பார்வையிடச் செல்லும்போது விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நானும் பக்கத்து வயல்காரரும் ஒரே விதையைத்தான் வாங்கினோம். ஒரே நாற்றங்காலில் பறித்து ஒரே வாரத்தில் நட்டோம். அவர் பயிர் சுத்தமாக இருக்கிறது. என் பயிர் மட்டும் கருகிப் போய்விட்டதே, ஏன்?"

நியாயமான கேள்விதான். "யூரியாவை அளவோடு இடுங்கள்" என்று நாங்களும் பல்லாண்டுகளாகப் பதில் சொல்லி வருகிறோம். அளவு மீறினால் பயிருக்குள் என்ன நடக்கிறது என்பது, பயிரின் புரதங்களை ஆராயும் புதிய முறையால் இப்போது தெளிவாகி வருகிறது. இம்முறைக்குப் புரோட்டியோமிக்ஸ் என்று பெயர். தமிழில் புரதத் தொகுப்பு ஆய்வு எனலாம்.

மரபணு வேறு, புரதம் வேறு

ஒரு நெல் இரகத்தின் குணங்கள் அனைத்தும் அதன் மரபணுக்களில் அடங்கியுள்ளன. நெல்லின் மரபணுத் தொகுதி முழுவதையும் விஞ்ஞானிகள் 2005ஆம் ஆண்டில் படித்து முடித்தனர். குலை நோய்ப் பூசணத்தின் மரபணுத் தொகுதியும் அதே ஆண்டில் வெளியாயிற்று. ஆனால் மரபணுவை மட்டும் பார்த்து நோயைப் புரிந்து கொள்ள முடியாது.

வீட்டு உக்கிராணத்தில் அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் இருக்கின்றன. அதைப் பார்த்து இன்று என்ன சமையல் என்று சொல்ல முடியுமா? அடுப்பில் என்ன வேகிறது என்று பார்த்தால்தான் தெரியும். மரபணு என்பது உக்கிராண இருப்பு. புரதம் என்பது அடுப்பில் வேகும் சமையல். வேரிலும் இலையிலும் கதிரிலும் மரபணுக்கள் ஒன்றே, புரதங்கள் வெவ்வேறு. காலையில் உள்ள அளவு மாலையில் இருப்பதில்லை. நோய் தாக்கிய இலையில் உள்ள புரதங்கள் நோயற்ற இலையில் உள்ளவற்றிலிருந்து மாறுபடும். உரம், நீர், பனி, வெயில் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏற்பப் பயிர் தன் சமையலை மாற்றிக் கொள்கிறது.

ஆகவே ஒரே விதையிலிருந்து வந்த இரண்டு வயல்களுக்கும் மரபணு இருப்பு ஒன்றே. ஆனால் சமையல் ஒன்றல்ல. விவசாயியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

புரதங்களைப் பிரிப்பது எப்படி?

ஓர் இலையில் பல்லாயிரம் வகைப் புரதங்கள் கலந்துள்ளன. களத்தில் நெல்லை முதலில் தூற்றிப் பதரை நீக்குகிறோம். பிறகு சல்லடையில் சலித்துக் கல்லையும் மண்ணையும் பிரிக்கிறோம். இதைப் போன்றே இலையை அரைத்து எடுத்த புரதக் கலவையைக் கூழ் போன்ற தகட்டில் வைத்து, மின்சாரத்தின் உதவியால் இரு வழிகளில் பிரிக்கிறார்கள். முதலில் மின்னூட்டத்தைக் கொண்டும், அடுத்து எடையைக் கொண்டும் புரதங்கள் பிரிகின்றன. முடிவில் தகடெங்கும் நூற்றுக்கணக்கான புள்ளிகள் தோன்றும். பெரும்பாலும் ஒரு புள்ளி ஒரு புரதத்தைக் குறிக்கும். நோயுற்ற இலையின் தகட்டையும் நல்ல இலையின் தகட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தப் புள்ளி பெருத்தது, எது சிறுத்தது, எது புதிதாக வந்தது என்பது தெரிந்துவிடும்.

அந்தப் புள்ளியை வெட்டியெடுத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியில் அதன் துண்டுகளின் எடையைத் துல்லியமாக அளந்தால், அது எந்தப் புரதம் என்பதையும் கண்டுகொள்ளலாம். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை இவ்வாறு எடைபோட வழி கண்டதற்காக ஜான் ஃபென், கோயிச்சி தனகா ஆகியோருக்கு 2002ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இலையின் மேல் நடக்கும் போர்

குலை நோய்ப் பூசணத்தின் வித்து காற்றில் பறந்து வந்து, பனியால் நனைந்த இலையில் ஒட்டிக் கொள்கிறது. முளைவிட்டு, நுனியில் உருண்டையான ஓர் உறுப்பை உண்டாக்குகிறது. அதனுள்ளே காற்றழுத்தத்தைப் போல் சுமார் 80 மடங்கு அழுத்தம் ஏறுகிறது. லாரி டயரில் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் இது ஏறக்குறைய 10 மடங்கு. இந்த அழுத்தத்தைக் கொண்டு கடப்பாரையால் குத்துவது போல் இலைத்தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது.

நெற்பயிரும் சும்மா இருப்பதில்லை. பூசணத்தின் உடற்சுவரில் கைட்டின் என்ற பொருள் உள்ளது. இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலும் இருப்பது இதுவே. கைட்டின் துகள் பட்டவுடன் 'பகைவன் வந்துவிட்டான்' என்று அறிந்து கொள்ளும் காவல் புரதம் நெல்லின் செல்லில் இருக்கிறது. உடனே பயிர் கைட்டினேஸ், குளுக்கனேஸ் முதலிய எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கிறது. இவை பூசணத்தின் சுவரையே அரித்துக் கரைக்கக் கூடியவை.

பூசணமும் தந்திரம் செய்கிறது. தன் கைட்டின் துகள்களைப் பொத்தி மறைப்பதற்கென்றே ஒரு புரதத்தை வெளிவிடுகிறது. காவல் புரதத்தின் கண்ணில் அத்துகள்கள் படுவதில்லை. திருடன் காலடிச் சுவட்டை அழித்துக் கொண்டே செல்வது போல என்று இதைச் சொல்லலாம். 2012ஆம் ஆண்டில் இது கண்டறியப்பட்டது.

நோய் வருவதும் வராததும் இந்தப் போரில் யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. எதிர்ப்புப் புரதங்கள் நேரத்தில் சுரந்தால் சிறு பழுப்புப் புள்ளியோடு நோய் நின்றுவிடும். தாமதித்தால், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் நான்கைந்து நாட்களில் தோன்றும். ஒவ்வொரு புள்ளியும் ஆயிரக்கணக்கான வித்துக்களைக் காற்றில் விடும்.

யூரியா மிகுந்தால் என்ன ஆகிறது?

2001ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நெற்பயிருக்குத் தழைச்சத்தை வெவ்வேறு அளவுகளில் கொடுத்து, குலை நோயையும் உண்டாக்கி, இலையின் புரதங்களை மேலே கூறியவாறு பிரித்துப் பார்த்தனர். தழைச்சத்தின் அளவு மாறியபோது இலையில் உள்ள சில புரதங்களின் அளவும் மாறியது. அவற்றுள் ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான புரதமும், நோய் எதிர்ப்பு வகையைச் சேர்ந்த புரதமும் இருந்தன. அதாவது, நாம் வீசும் யூரியா இலையைப் பச்சையாக்குவதோடு நிற்பதில்லை. இலைக்குள் எந்தப் புரதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற கணக்கையே மாற்றுகிறது.

இதோடு வேறு கேடுகளும் சேர்கின்றன. தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாகிறது. இலைத்தோலுக்கு உறுதி தரும் சிலிக்கா படிவது குறைகிறது. பூசணம் உண்டு வளரத் தக்க உணவு இலையில் சேர்கிறது. பயிர் அடர்ந்து விடுவதால் பனி நீரும் வெகுநேரம் உலர்வதில்லை. பகைவனுக்கு வாசலையும் திறந்துவிட்டு, விருந்தும் வைத்தது போலாகிறது.

யூரியா மட்டுமே காரணம் என்று எண்ண வேண்டாம். இரகம், பனி, நீர்க்காய்ச்சல் ஆகியவையும் காரணங்களே. ஆனால் பனியை நாம் நிறுத்த முடியாது. யூரியா நம் கையில் இருக்கிறது.

எதிர்ப்பு இரகமும் ஏன் தோற்கிறது?

"நோய் வராது என்று சொன்ன இரகத்திலும் நோய் வந்துவிட்டதே" என்று சிலர் குறைப்படுவது உண்டு. எதிர்ப்பு இரகத்தில் பூசணத்தின் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காணும் காவல் புரதம் இருக்கிறது. சில ஆண்டுகளில் பூசணம் அந்தப் புரதத்தின் வடிவத்தைச் சற்றே மாற்றிக் கொள்கிறது, அல்லது கைவிட்டு விடுகிறது. காவல்காரனுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகிறது. இரகத்தின் எதிர்ப்பு முறிகிறது. எனவே ஊர் முழுவதும் ஒரே இரகத்தை ஆண்டுதோறும் பயிரிடுவது நல்லதல்ல.

உலகெங்கும் குலை நோய் ஆய்வுகளில், எளிதில் நோய் தாக்கும் இரகத்துக்கு உதாரணமாக வைத்துச் சோதிக்கப்படுபவற்றுள் ஒன்று கோவையில் உருவான கோ 39 இரகம். இந்த இரகத்தில் எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது எந்தப் பூசணத்தைத் தடுக்கிறது என்று ஆராய்கிறார்கள்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. சம்பா, பின்சம்பாப் பருவங்களில் குலை நோய்க்கு எதிர்ப்புள்ள இரகத்தைத் தேர்ந்தெடுக்கவும். பிபிடி 5204, வெள்ளைப் பொன்னி ஆகியவற்றை இந்நோய் எளிதில் தாக்கும். இவற்றைப் பயிரிடுவோர் கூடுதல் விழிப்புடன் இருக்க வேண்டும்.

2. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் கலந்து விதை நேர்த்தி செய்யவும். இந்த நன்மை செய்யும் பாக்டீரியா, நோய் வரும் முன்பே பயிரின் எதிர்ப்புப் புரதங்களைத் தூண்டி வைக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இவ்வாறு நேர்த்தி செய்த நெல்லின் புரதங்களைப் பிரித்து ஆராய்ந்து, மாற்றங்களை 2009ஆம் ஆண்டில் வெளியிட்டுள்ளனர். இதை இரசாயனப் பூசணக்கொல்லியுடன் கலக்கக் கூடாது.

3. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடவும். நட்ட 14ஆம் நாள் முதல் வாரம் ஒரு முறை, இலை வண்ண அட்டையைக் கொண்டு 10 இலைகளைப் பார்க்கவும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே 6 அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் இருந்தால் மட்டும் யூரியா இடவும். அட்டைக்கு ஆகும் செலவு சொற்பம். மிச்சமாகும் யூரியா அதிகம்.

4. இலையில் புள்ளிகளைக் கண்டவுடன் மேலுர யூரியாவை நிறுத்தி வைக்கவும். பயிர் மஞ்சளாக இருக்கிறதே என்று அந்த நேரத்தில் யூரியா வீசுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதாகும்.

5. நோய் கண்ட வயலை வெடிக்கும்படி காயவிட வேண்டாம். நீர்ப் பற்றாக்குறையும் பயிரின் எதிர்ப்பைக் குறைக்கும்.

6. வரப்பிலும் வாய்க்காலிலும் உள்ள புல் களைகளை அகற்றவும். நாற்றங்காலில் உமிச்சாம்பல் இடுவது பயிருக்குச் சிலிக்கா கிடைக்க உதவும்.

7. கதிர் வெளிவரும் தருணத்தில் பனி மிகுந்திருந்தால் விழிப்புடன் இருக்கவும். கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்த பின் எந்த மருந்தாலும் பயனில்லை, மணி பதராகிவிடும். தெளிக்க வேண்டிய மருந்தையும் அளவையும் உங்கள் பகுதி வேளாண்மை உதவி அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டறியவும்.

இந்தப் புரத ஆய்வை விவசாயிகள் தங்கள் வயலில் செய்து பார்க்கத் தேவையில்லை. அதற்கான கருவிகள் ஆய்வுக்கூடத்தில் இருந்தால் போதும். ஆனால் அந்த ஆய்வு சொல்லும் செய்தி வயலுக்கு உரியது. பயிருக்குத் தன்னைக் காத்துக் கொள்ளும் சக்தி இயற்கையாகவே இருக்கிறது. இலை கரும்பச்சையாக மின்னுவதைக் கண்டு மகிழ்ந்து இன்னும் ஒரு மூட்டை யூரியாவை இறக்கும் முன், அந்தச் சக்திக்கு நாமே குந்தகம் செய்கிறோமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கவும். மருந்துச் செலவு குறைவதோடு, கதிரில் மணியும் நிற்கும்.