கைமாறிய காரின் லட்சணங்கள்

ஊரின் எல்லை தாண்டியதும் நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரையும் வண்ணக் காகிதத் தோரணமும் போட்டு, கழுவித் துடைத்து மெழுகு பூசிய பத்து இருபது கார்களை வரிசையாகச் சாலையைப் பார்த்து நிறுத்தியிருக்கும் இடங்களைத் தமிழ்நாட்டில் பிரயாணம் செய்கிற எவரும் கண்டிருப்பார்கள். பெயர்ப் பலகையில் ஏதேனும் ஒரு தெய்வத்தின் திருநாமமும், அதை அடுத்து 'கார் கன்சல்டிங்' என்ற சொற்களும் காணப்படும். ஆலோசனை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் நம் ஊரில் பழைய கார் வியாபாரத்துக்கே பெயராகிவிட்டது. உள்ளே நுழைந்தால் ஆலோசனை தாராளமாகக் கிடைக்கும் என்பதும் வாஸ்தவந்தான். அங்கே நிற்கும் ஒவ்வொரு வண்டியும் சிங்கிள் ஓனர் வண்டி. ஒவ்வொரு ஓனரும் ஒரு டாக்டர், தவறினால் ஓய்வு பெற்ற பாங்கு மானேஜர். அவரும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதற்கு மட்டுமே அதை வெளியில் எடுத்தவர். இத்தனை சிரத்தையோடு ஓட்டிய காரை இத்தனை டாக்டர்கள் ஏன் விற்றார்கள் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

புதிய காரை வாங்குகிறவருக்கு அது தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரு யந்திரம். அதன் குணதோஷங்கள் அந்த ரகத்துக் கார்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. ஏழெட்டு ஆண்டு ஓடிய காரின் விஷயம் வேறு. ஒரே நாளில் ஒரே கூரையின்கீழ் பிறந்த இரண்டு கார்களில் ஒன்று, காலத்தில் ஆயில் மாற்றி, காலையில் இன்ஜின் சூடேறும் முன் அதை அதட்டாமல், பள்ளத்தில் பதமாக இறக்கி ஏற்றிய ஒருவரிடம் வளர்ந்திருக்கும்; மற்றொன்று, கிளட்சில் காலை ஊன்றியபடியே நகர நெரிசலில் உறுமிக்கொண்டு ஓட்டிய ஒருவரிடம் அகப்பட்டுச் சீரழிந்திருக்கும். ஆகையால் பழைய கார் வாங்கப் போகிறவர் விசாரிக்க வேண்டியது, கண்ணெதிரே இல்லாத அந்தச் சொந்தக்காரரின் சுபாவத்தைத்தான். அவர் தம் சுவடுகளை வண்டி முழுதும் விட்டே போயிருக்கிறார். வியாபாரியின் கழுவலும் மெழுகும் அவற்றுள் சிலவற்றைத்தான் அழிக்க முடியும்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தை ஆராய்ந்து பொருளாதாரத்தில் நோபல் பரிசு பெற்றவர் ஒருவர் உண்டு. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கர் எழுதிய கட்டுரையை மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட, நான்காவது ஒன்று அதை 1970இல் வெளியிட்டது. பரிசு 2001இல் வந்தது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: விற்கிறவருக்குத் தம் காரின் தரம் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது; தெரியாதவர் நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவாக ஒரு விலையைத்தான் சொல்வார்; அந்த விலைக்கு நல்ல காரைக் கொடுக்க அதன் சொந்தக்காரருக்கு மனம் வராது; நல்லவை சந்தையை விட்டு விலக, மட்டமானவையே மிஞ்சும்; அதைக் கண்டு விலை இன்னும் இறங்கும். மட்டமான காருக்கு அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'எலுமிச்சம்பழம்' என்று பெயராம். கட்டுரையின் தலைப்பிலேயே அந்தப் பழம் இருக்கிறது.

எந்த ரகம் என்பதை வீட்டிலேயே நிர்ணயம் செய்துகொண்டு புறப்படுவது உத்தமம். அங்கே போய் நிறத்தைப் பார்த்து மயங்கினவர்களே அதிகம். சிறு கார் என்றால் இந்தியாவில் வெகுகாலம் மாருதி 800 ஒன்றுதான். 1983 டிசம்பரில் குர்கானில் முதல் வண்டி வெளிவந்து, 2014இல் உற்பத்தி நிற்பதற்குள் 25 லட்சத்துக்கும் மேல் விற்ற அந்த மூன்று சிலிண்டர் வண்டிக்கு இப்போது வயது கடந்துவிட்டது. அதன் வழிவந்த ஆல்ட்டோ, 1999இல் வந்த வேகன் ஆர், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் பிறந்த ஹூண்டாய் சான்ட்ரோ, அதற்குப்பின் 2007இல் வந்த ஐ10 ஆகியவை கன்சல்டிங் தோறும் காணக் கிடைப்பவை. இவற்றின் பெரும் சிறப்பு, எந்தச் சிற்றூரிலும் இவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்பதே. மறைமலை நகரில் தயாராகி 2010இல் வந்த ஃபோர்டு ஃபிகோ, சாலையில் இவற்றைவிட உறுதியாக நிற்கும் வண்டி என்பது என் அபிப்பிராயம். ஆனால் 2021இல் அந்தக் கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. 2017இன் இறுதியோடு விற்பனையை முடித்துக்கொண்ட ஷெவர்லே கார்களின் நிலையும் அதுவே. தாய்வீடு இல்லாத இவ்வகைக் கார்கள் மலிவாகக் கிடைக்கும். ஒரு கதவுக் கைப்பிடிக்காகச் சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகச் சந்துகளில் அரை நாள் அலையப் பொறுமை உள்ளவருக்கு அவை லாபமே. டீசலா பெட்ரோலா என்ற சர்ச்சையை நீட்டிக்க வேண்டியதில்லை: மாதம் ஆயிரம் கிலோமீட்டரும் ஓட்டாத குடும்பத்துக்குப் பெட்ரோல் போதும்.

வண்டியைத் தொடுவதற்கு முன் ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்க்க வேண்டும். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா, பாங்குக் கடன் பாக்கி என்பதற்கு அடையாளமான எச்.பி. குறிப்பு நீங்கியிருக்கிறதா, இதுவரை எத்தனை கை மாறியது, டி-போர்டாக வாடகைக்கு ஓடிப் பின்னர் ஓன்-போர்டாக மாற்றிய வண்டியா, கேஸ் கிட் இருந்தால் அது புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்பவை எல்லாம் அதில் தெரியும். பலர் அலட்சியம் செய்யும் இன்னொரு காகிதம் பழைய இன்சூரன்ஸ் பாலிசி. நஷ்டஈடு கேட்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் கம்பெனி தரும் சலுகை 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என ஏறி 50இல் நிற்கும். ஒருமுறை நஷ்டஈடு வாங்கினால் சாதாரணமாகப் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். 'ஒரு கீறல்கூடப் படாத வண்டி' என்று வியாபாரி சத்தியம் செய்யும் காரின் பாலிசியில், சொந்தக்காரர் மாறாமலே சலுகை பூஜ்யமாக இருக்குமானால், அந்தக் கீறல் எங்கே பட்டது என்று தேடத் தொடங்கலாம்.

தேடுவதற்கு நல்ல வெயில் வேண்டும். மாலை மங்கலிலோ மழை ஈரத்திலோ பார்த்தால் எல்லாக் கார்களும் அழகே. காரின் ஒரு மூலையில் குனிந்து அதன் பக்கவாட்டில் கண்ணை ஓடவிட்டால், தொழிற்சாலைப் பெயிண்ட் கண்ணாடிபோல் ஒரே சீராகப் பிரதிபலிக்கும். டிங்கரிங் செய்து பட்டி தேய்த்துப் பூசிய இடத்தில் அந்தப் பிம்பம் லேசாக நெளியும். சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி ஒட்டிப் பார்த்தால், தகட்டில் பற்றுவது பட்டி கனத்த இடத்தில் பற்றாது. பானெட்டைத் திறந்ததும் இன்ஜினைப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, பானெட்டையும் முன் மட்கார்டுகளையும் பிணைக்கும் போல்ட்டுகளின் தலையைப் பார்க்க வேண்டும். அவற்றின் பெயிண்ட் உரிந்திருந்தால் ஸ்பானர் பட்டிருக்கிறது என்று பொருள். மட்கார்டு மாற்றியது பெரிய குற்றமன்று, நம் தெருக்களில் அது தவிர்க்க முடியாதது. ஆனால் கதவுத் தூணிலோ முன்புறச் சேசிஸ் கால்களிலோ வெட்டி ஒட்டிய வெல்டிங் தெரிந்தால், பேரம் பேசாமல் வந்துவிட வேண்டியதுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கி எழுந்த கார்கள் ஏராளம். 2023 மிக்ஜாம் புயலிலும் அப்படியே. இவற்றில் செப்பனிட்டு விற்கப்பட்டவை தண்ணீரின் கதையை உள்ளே மறைத்துவைத்திருக்கும். என் நண்பருக்காக ஒரு வண்டி பார்க்கப் போனபோது, உள்ளே மல்லிகை மணம் கமகமத்தது. சீட் கவர் புதிது. நண்பர் அட்வான்ஸ் எடுக்கப் பைக்குள் கையை விட்டுவிட்டார். எங்களோடு வந்திருந்த மெக்கானிக் பாய், "சார், ஒரு நிமிஷம், சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க" என்றார். யாரும் முழுதாக இழுத்துப் பார்க்காத அந்த நாடாவின் கடைசி முழத்தில், செம்மண் நிறத்தில் ஒரு கோடு தண்ணீர் ஏறிய மட்டத்தைக் குறித்துவைத்திருந்தது. கடைக்காரப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சீட்டின் அடியில் உள்ள தண்டவாளத் துரு, மிதியடிக்குக் கீழே வண்டல், பின்புறம் ஸ்டெப்னி வைக்கும் குழியில் சேறு ஆகியவையும் இதே வகைச் சாட்சிகள். (ஸ்டெப்னி என்ற சொல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது; 1904இல் அங்கே உதிரிச் சக்கரம் செய்து விற்ற கம்பெனியின் பெயரை அந்த நாட்டாரே மறந்துவிட, நம் பஞ்சர் கடைகள் அதைக் காப்பாற்றி வருகின்றன.)

கிலோமீட்டர் மீட்டரை மாத்திரம் யாரும் வேதவாக்காகக் கொள்ளலாகாது. ஒரு சிறு கருவியை ஒயரில் மாட்டி அதன் எண்ணைக் குறைத்துவிட முடியும். ஆனால் ஓட்டியவரின் கையும் காலும் எழுதிய கணக்கைக் குறைப்பது அவ்வளவு சுலபமன்று. 30,000 கிலோமீட்டர் காட்டும் காரில் பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டியரிங்கின் மேற்புறம் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கி, டிரைவர் சீட்டின் வெளி ஓரம் தொய்ந்திருக்குமானால், மீட்டர் ஒன்று சொல்கிறது, வண்டி வேறொன்று சொல்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஒரு ஜோடி டயர் சுமார் 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்பது பொதுக் கணக்கு. 2015இல் பிறந்து இதுவரை 25,000 மட்டுமே ஓடியதாகச் சொல்லும் காரில் 2018இல் செய்த டயர்கள் நான்கும் மாட்டியிருந்தால், முதல் டயர்கள் எங்கே போயின? வெயிலில் நின்று வெடித்ததால் மாற்றினேன் என்ற பதிலும் சில சமயம் உண்மையாக இருக்கும். அதற்குச் சாட்சி சொல்ல சர்வீஸ் ரசீதுகள் வேண்டும்.

இன்ஜினை அதன் குளிர்ந்த நிலையில் சந்திக்க வேண்டும். வருவதாகச் சொல்லிவைத்துப் போனால், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைத்திருப்பார்கள். ஆகவே போனவுடன் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது நலம். குளிர்ந்த இன்ஜின்தான் தன் இருமலையும் நடுக்கத்தையும் மறைக்காமல் காட்டும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ தாண்டி ஆயில் எரிகிறது; கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதியாகப் போகிறது; சூடேறிய பின்னும் நிற்காத அடர்ந்த வெண்புகை வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்: ஓடிய ஆயில் டிகாக்‌ஷன் போல் கறுத்திருப்பது இயல்பு, அதுவே பால் கலந்த காபியாக மாறியிருந்தால் தண்ணீரும் ஆயிலும் சேர்ந்துவிட்டன, இன்ஜின் ஹெட்டைக் கழற்றும் செலவு காத்திருக்கிறது. இன்னொரு கேள்வியும் உண்டு. சான்ட்ரோவிலும் பழைய 796 சி.சி. ஆல்ட்டோவிலும் வால்வுகளை இயக்குவது ரப்பரால் ஆன டைமிங் பெல்ட். 2010இல் வந்த ஆல்ட்டோ கே10இல் இரும்புச் சங்கிலி. பெல்ட்டுக்கு ஆயுள் உண்டு. கடைசியாக எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையிலிருந்து கழிக்க வேண்டும்.

பிறகு சாலை. கடையைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துக் காட்டுவது ஓட்டம் அல்ல; ஒரு மேம்பாலம், ஒரு நெரிசல், நாலு வேகத்தடை இவையாவது வேண்டும். பாலம் ஏறுகையில் மூன்றாம் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், இன்ஜின் சப்தம் உயர்ந்தும் வேகம் உயராவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது. நேரான சாலையில் ஸ்டியரிங்கைச் சற்றே தளர்த்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. ஏ.சி.யைப் போட்டுக் கால்மணி நேரம் நெரிசலில் நின்றும் வெப்பமுள் நடுவிலேயே நிற்குமானால் ரேடியேட்டரைப் பற்றிக் கவலையில்லை. ரேடியோவை அணைத்துவிட வேண்டும். கடைக்காரர் சப்தமாகப் பாட்டு வைத்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கலாம்.

விலை படிந்தபின் பெரும்பாலோர் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பெயர் மாற்றம் 'மெதுவாகச் செய்துகொள்ளலாம்' என்பதுதான் இந்தத் தொழிலின் மிகப் பழைய ஆலோசனை. மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் கிரயத்தை விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். பல கை மாறியும் பெயர் மாறாத ஒரு காரால் நேர்ந்த விபத்தில், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய கார் வியாபாரியே பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வண்டி தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைத் தெரிவித்தபின் அதற்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியை வெளியே எடுத்த ஒவ்வோர் ஓட்டத்தையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஆகவே அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். காட்டுகிறவரிடம் விலை நாலாயிரம் கூடுதலாக இருந்தாலும் அங்கேயே வாங்குவேன்.

நண்பர் கடைசியில் வாங்கியது வேறொரு கடையில் நின்ற, பாலிசியில் 50 சதவீதச் சலுகையும் முன் பம்பரில் ஒளிக்காத ஒரு கீறலும் உடைய சாம்பல் நிற வேகன் ஆர். படிவங்களில் கையெழுத்தாகி, இரண்டாவது சாவியும் கைக்கு வந்தபின், கடைப் பையன் கற்பூரம் காட்டிவிட்டு நாலு சக்கரத்துக்கும் அடியில் ஒவ்வொரு எலுமிச்சம்பழமாக வைத்தான். நண்பர் வண்டியை மெல்ல முன்னால் நகர்த்தினார், நாலும் நசுங்கின.