குதிரைக்கு மூச்சு இரைத்தால்...

திருத்தணி மலையின் 365 படிகளை ஏறினால், வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறோம் அல்லவா? குதிரையால் அப்படி முடியாது. அது மூக்கால் மட்டுமே சுவாசிக்கும்.

சில குதிரைகளுக்குக் குரல்வளையின் இடப்பக்க நரம்பு செயலிழந்துவிடும். அந்தப் பக்கம் சரியாகத் திறக்காமல் காற்று போகும் வழியை அடைக்கும். வேகமாக ஓடும்போது உறுமுவது போலச் சத்தம் வரும். அந்தப் பக்கத்தை நூலால் இழுத்துக் கட்டி, வழியைத் திறந்து வைக்கும் அறுவைச் சிகிச்சை இதற்கு உண்டு.

குணமாகிவிட்டதா என எப்படி அறிவது? சத்தம் குறைந்தால் மட்டும் போதாது. காற்று தாராளமாகப் போக வேண்டும். அதனால், மூக்கின் வழியே சிறு கேமராவைச் செலுத்தி, குதிரையை ஓடவிட்டே சோதிக்கிறார்கள். தீவனம் மூச்சுக்குழலில் புகுந்து இருமல் வருகிறதா என்றும் கவனிக்கிறார்கள்.

வாயில்லா ஜீவன் 'சுகம்' என்று சொல்லாது. நாம்தான் பார்த்து அறிய வேண்டும். சரிதானே?