கடல் கடந்த ஒளியும் கடைசி நூறு மீட்டரும்

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், சென்னையையும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளையும் இணைக்கும் கடலடி ஒளியிழைக் கேபிள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கேபிளுக்கு 2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 1,224 கோடி ரூபாய்ச் செலவில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் பணியை நிறைவேற்றியது. இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றிருக்கும் போர்ட் பிளேரிலிருந்து சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களுக்கும் அதன் கிளைகள் செல்கின்றன.

அதற்கு முன்னர்த் தீவுகளின் தகவல் தொடர்பு பெரும்பாலும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஒரு செய்தி ஏறி இறங்கக் கால் நொடி ஆகும். கேள்வி போய் விடை திரும்ப அரை நொடி ஆகும். கண்ணாடி இழையினுள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் பாய்வதால், 2,300 கிலோமீட்டரையும் கடக்க அதற்கு ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதலான நேரம் போதும். பணப் பரிமாற்றம், மருத்துவ ஆலோசனை, இணையவழிக் கல்வி ஆகியவற்றில் இதன் பயனை நாம் எளிதில் உணர்கிறோம். தொழிற்கூடத்தில் நிற்கும் இயந்திரத்துக்கு இதனால் என்ன பயன் என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் கேள்வி.

தீவில் ஒரு மீன் பதப்படுத்தும் நிலையம் இருப்பதாகக் கொள்வோம். கரையோரத்தில் குளிர் அறை, அதற்கு அப்பால் கம்ப்ரசர் கூடம், வளாகத்தின் மறுகோடியில் டீசல் ஜெனரேட்டர், சாலையோரத்தில் அலுவலகம். இரவில் கம்ப்ரசர் நின்றுவிட்டால் அந்தச் செய்தி உடனே அலுவலகத்தை எட்ட வேண்டும். எட்டாவிட்டால், விடிவதற்குள் பல மீனவர்களின் உழைப்பு வீணாகிவிடும். அலுவலகம் வரை அதிவேக இணையம் வந்துவிட்டது. ஆனால் கம்ப்ரசரின் கட்டுப்பாட்டுப் பெட்டியோ இணையம் அறியாத பழைய பெட்டி. அதில் இருப்பது ஒரு சீரியல் போர்ட் மட்டுமே.

சீரியல் என்பதன் பொருள் எளியது. ஒரே ஒரு கதவு வழியாக ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகச் செல்வது போல, எண்களாக மாற்றப்பட்ட செய்தி ஒரு கம்பி வழியே ஒவ்வொரு துடிப்பாகச் செல்கிறது. இந்த முறைக்கான ஆர்.எஸ்.-232 என்னும் தரநிலை 1960களிலிருந்தும், ஆர்.எஸ்.-485 என்பது 1983லிருந்தும் வழக்கில் உள்ளன. இயந்திரங்கள் ஒன்றையொன்று கேட்டு விடை பெறும் மோட்பஸ் என்னும் மொழி 1979இல் தோன்றியது. மின்சார மீட்டர், எடைமேடை, ஜெனரேட்டர், பம்பு, வெப்பநிலைக் கருவி எனத் தொழிலகத்தில் இன்றும் பல கருவிகள் இம்முறையில்தான் பேசுகின்றன. வேகம் குறைவுதான், ஆனால் 'கம்ப்ரசர் நின்றது' என்று சொல்வதற்கு அதிக வேகம் தேவையில்லை.

தடையாக நிற்பது தூரம். ஆர்.எஸ்.-232 கம்பி சுமார் 15 மீட்டர் வரைதான் நம்பத்தக்கது. ஆர்.எஸ்.-485 குறைந்த வேகத்தில் சுமார் 1,200 மீட்டர் வரை செல்லும். ஆனால் அந்த எல்லைக்குள்ளும் ஓர் இடர் மறைந்திருக்கிறது. இரண்டு கட்டடங்களின் எர்த்திங் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போதும், அருகில் மின்னல் விழும்போதும் அவற்றுக்கிடையே வேறுபாடு பெருகுகிறது. ஆர்.எஸ்.-485 கருவிகள் பொதுவாக ஏழு வோல்ட் அளவு வேறுபாட்டைத் தாங்குமாறு வகுக்கப்பட்டவை. அதனை மீறினால் செய்தி சிதையும். மிகவும் மீறினால் இரு முனைகளிலும் உள்ள மின்னணு அட்டைகள் கருகும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவுகளில், இரு கட்டடங்களுக்கிடையே செப்புக் கம்பி இழுப்பது மின்னலின் தாக்கத்துக்கும் ஒரு வழி அமைத்துத் தருவதாகும்.

கருகிய அட்டைக்கு மாற்று வாங்குவதும் எளிதன்று. சென்னையிலிருந்து கப்பலில் வருமானால் கடலில் மட்டும் ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். பழைய மாதிரி என்றால் அந்த அட்டை சந்தையிலேயே கிடைக்காமலும் போகலாம்.

கடலைக் கடக்க உதவிய அதே கண்ணாடி இழை, வளாகத்துக்குள்ளும் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. கருவியின் சீரியல் போர்ட்டை ஒரு சிறிய கன்வெர்ட்டரோடு இணைக்கிறோம். அது மின்துடிப்பை ஒளித்துடிப்பாக மாற்றி இழைக்குள் அனுப்புகிறது. மறுமுனையில் உள்ள இணைக் கன்வெர்ட்டர் ஒளியை மீண்டும் மின்துடிப்பாக்கி அலுவலகக் கணினிக்குத் தருகிறது. அனுப்ப ஓர் இழை, பெற ஓர் இழை என்பது வழக்கமான அமைப்பு. இடையில் நடந்த மாற்றத்தைக் கருவியோ கணினியோ அறிவதில்லை. பக்கத்தில் இருப்பதாகவே எண்ணி அவை பேசிக்கொள்கின்றன. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் எர்த்திங் வேறுபாடு இழையின் வழியே கடப்பதில்லை. மோட்டார்களின் மின்காந்த இரைச்சலும் ஒளியைத் தீண்டாது.

மல்ட்டிமோட் என்னும் இழைவகை பொதுவாக இரண்டு கிலோமீட்டர் அளவுக்கும், சிங்கிள்மோட் வகை இருபது கிலோமீட்டருக்கும் அதற்கு மேலும் பயன்படுகின்றன. ஒரு கிலோமீட்டருக்கு ஒளி எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு மட்டுமே. குறித்த நேரத்துக்குள் விடை வராவிட்டால் தொடர்பு அறுந்ததாகக் கருதும் பழைய கருவிகளுக்கு இந்த விரைவு பெரிதும் துணை செய்கிறது.

மீன் நிலையத்தைப் போலவே தீவுகளின் மின்துறைக்கும் இத்தகைய தொடர்பு இன்றியமையாதது. நாட்டின் பெருமின் கட்டமைப்போடு இணையாத இத்தீவுகள் இன்றும் பெரிதும் டீசலையே நம்புகின்றன. வடக்கு அந்தமானில் 5.25 மெகாவாட் திறனுள்ள கல்போங் நீர்மின் நிலையம் உண்டு. நம் நெய்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட என்.எல்.சி. இந்தியா நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் திட்டத்தைப் பேட்டரிச் சேமிப்புடன் அமைத்துள்ளது. மேகம் சூரியனை மறைத்ததும் பேட்டரி ஈடுகொடுக்க வேண்டும். அது தீருமுன் டீசல் இயந்திரம் எழ வேண்டும். மீட்டர்களும் இயந்திரங்களும் இடைவிடாது செய்தி தந்தால்தான் இந்த ஒழுங்கு நிலைக்கும். இத்தகைய இடங்களில் தகவல் தடைப்பட்டால் மின்சாரமும் தடைப்படக்கூடும்.

தொழில்முனைவோருக்கு இதில் ஒரு பொருளாதாரப் பாடமும் உண்டு. இணையத்தோடு பேசவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நன்கு உழைக்கும் இயந்திரத்தைக் கழித்துவிட்டுப் புதியது வாங்க வேண்டியதில்லை. கன்வெர்ட்டர் இணை ஒன்றும் சில நூறு மீட்டர் இழையும் அதற்கு மேலும் பல ஆண்டு உழைக்கும் வாய்ப்பைத் தரக்கூடும். கடன் வாங்கி இயந்திரத்தை மாற்றுமுன், "இது பழுதா, அல்லது இதன் பேச்சு மட்டும்தான் எட்டவில்லையா?" என்று பொறியாளரிடம் கேட்பது நலம்.

எனினும் சில எச்சரிக்கைகள் தேவை. கன்வெர்ட்டருக்கு இரு முனைகளிலும் மின்சாரம் வேண்டும். மின்வெட்டின்போதும் இயங்குமாறு யு.பி.எஸ். இணைப்புத் தர வேண்டும். அந்த மின்னிணைப்பின் வழியாகவும் மின்னல் நுழையலாம் என்பதால் அங்கே மின்னெழுச்சிக் காப்பு அவசியம். எஃகுக் கவசமுள்ள கேபிளை முறையாக எர்த் செய்யாவிட்டால், விலக்க நினைத்த ஆபத்தை நாமே உள்ளே அழைத்தவர்களாவோம். உலோகமே இல்லாத கேபிளைப் பிளாஸ்டிக் குழாயில் பதிப்பது பாதுகாப்பானது. இரண்டு கன்வெர்ட்டர்களும் கேபிளும் ஒரே இழைவகைக்கு உரியவையாக இருக்க வேண்டும். உப்புக்காற்றும் ஈரமும் புகாத பெட்டியில் கருவிகளை வைக்க வேண்டும். பயன்படாத ஒளிமுனைகளை மூடியிட்டுக் காக்க வேண்டும். பள்ளம் தோண்டும் செலவு ஒன்றே என்பதால், இரண்டு இழை போதுமான இடத்தில் ஆறு இழையுள்ள கேபிளைப் பதித்தால் பின்னாளில் உதவும். மாற்றுக் கன்வெர்ட்டர் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். தொடர்பு அறுந்தால் திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிராமல் மணி அடித்து அறிவிக்குமாறும் அமைக்க வேண்டும்.

இன்னொன்று பாதுகாப்பு. மோட்பஸ் போன்ற பழைய மொழிகள் உருவான காலத்தில் கடவுச்சொல் பற்றிய எண்ணமே அவற்றில் இடம்பெறவில்லை. கேட்பவர் யார் என்று பாராமல் அவை விடை சொல்லும். கட்டளை யாருடையது என்று பாராமல் கீழ்ப்படியும். வளாகத்துக்குள் இழை வழியே பேசும்வரை இடரில்லை. ஆனால் அதனை வெளி இணையத்தோடு இணைக்கும்போது ஃபயர்வால் காப்பும், அனுமதி பெற்றவர் மட்டும் நுழையும் ஏற்பாடும் கட்டாயம் வேண்டும். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் காக்கும் அதே விழிப்பு இயந்திரத்துக்கும் உரியது.

தீவிலாயினும் தூத்துக்குடியிலாயினும் கரையோரத் தொழிலுக்குத் திட்ட அறிக்கை எழுதும் வாடிக்கையாளர்கள் இயந்திரம், கட்டடம், நடைமுறை மூலதனம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே தொகை குறிக்கின்றனர். இயந்திரங்களுக்கிடையேயான தகவல் இணைப்புக்கும், அதன் காப்புக்கும், ஒரு மாற்றுக் கருவிக்கும் ஒரு வரி ஒதுக்குமாறு நாம் பரிந்துரைக்கிறோம். மொத்த மதிப்பீட்டில் அது சிறிய தொகையாகவே இருக்கும். கம்ப்ரசர் நிற்கும் இரவில், குளிர் அறையில் உள்ள மீனைக் காப்பது அந்தத் தொகைதான்.