மூன்று பரிசோதனை, மூன்று பதில்

காலை நிகழ்ச்சியில் “உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்” என்று நேயர்களுக்குச் சொல்பவள் நான். ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. எனக்கு 36 வயது. மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். மெமோகிராமில் ஒன்றும் இல்லை. அதே நாள் எடுத்த அல்ட்ராசவுண்டில் 11 மில்லிமீட்டர் கட்டி, ‘பைராட்ஸ் 4’. அதை நான்காம் கட்டப் புற்றுநோய் என்று நினைத்து அன்றிரவு முழுக்க அழுதேன். அடுத்த வாரம் ஊசி வைத்து பயாப்சி எடுத்தார்கள். ‘சாதாரண மார்பகத் திசு’ என்று முடிவு வந்தது.

“அதான் ஒன்னுமில்லன்னு வந்துடுச்சே, விடும்மா” என்றார் அம்மா. எனக்கும் விட்டுவிடத்தான் ஆசை. மருத்துவர் விடவில்லை.

அவர் பொறுமையாக விளக்கினார். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். மெமோகிராமில் அந்தத் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும். ஒலி அலைகளைப் பயன்படுத்தும் அல்ட்ராசவுண்ட் அதைப் பிரித்துக் காட்டும்.

பைராட்ஸ் என்பது நோயின் கட்டம் அல்ல. படத்தைப் பார்த்துக் கொடுக்கும் 0 முதல் 6 வரையிலான எண். 4 என்றால் சந்தேகம் இருக்கிறது, திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொருள். அதில் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவும் இருக்கலாம், 95 விழுக்காட்டை நெருங்கியும் இருக்கலாம். அதனால்தான் 4ஏ, 4பி, 4சி என்று பிரிக்கிறார்கள்.

பயாப்சியோ, ஊசியில் வந்த துணுக்கைப் பற்றி மட்டுமே பேசும்.

“சாதாரணத் திசு படத்தில் இப்படிக் கட்டியாகத் தெரியாது. ஊசி கட்டியைத் தொடாமல் போயிருக்கலாம். படமும் பயாப்சியும் பொருந்தாதபோது நல்ல முடிவை நம்பி நிறுத்தக்கூடாது” என்றார். மறுபடி பயாப்சி எடுக்கலாம், அல்லது கட்டியையே அகற்றிச் சோதிக்கலாம். நான் அகற்றிவிடச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது: ஃபைப்ரோஅடினோமா. புற்றுநோய் இல்லாத கட்டி. அம்மா சொன்னதுதான் சரியாயிற்று. ஆனால் இம்முறை அதற்குச் சான்று இருந்தது.

உங்கள் கையிலும் முரண்பட்ட அறிக்கைகள் இருந்தால், பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே மருத்துவரிடம் காட்டி, “கையில் தட்டுப்படுவது, படம், பயாப்சி மூன்றும் ஒத்துப்போகின்றனவா? இல்லையென்றால் அடுத்து என்ன?” என்று கேளுங்கள்.

மூன்று வாரம் மறைத்ததுதான் என் தவறு. நீங்கள் மூன்று நாள்கூட மறைக்காதீர்கள்.