வெளியேற்றப்பட்டோரின் தீர்ப்பு

மலேசியாவின் சபா மாநிலக் கரைக்கு அப்பாலுள்ள புலாவ் தீகா என்னும் சிறு தீவில், 2000ஆம் ஆண்டில், 16 அமெரிக்கர்களை இறக்கிவிட்டு, 39 நாள் பசியோடும் மழையோடும் காலங்கழிக்கச் செய்து, தங்களுக்குள் வாக்களித்து ஒவ்வொருவராய் விலக்கச் செய்து, கடைசியில் நிற்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசளித்த ‘சர்வைவர்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியில், ஓட்டமும் நீச்சலும் எத்தனை இருந்தாலும், அதன் ஜீவநாடி ஒரே விதியில் இருந்தது. எஞ்சிய இருவரில் வென்றவர் யார் என்று தீர்ப்புக் கூறுபவர்கள், கடைசியாகத் தோற்று வெளியேறிய ஏழு பேர். ஒருவனை வஞ்சித்து அனுப்பவும் வேண்டும். பின்னர் அவன் கையாலேயே வெற்றியைப் பெறவும் வேண்டும்.

இதை முதலில் உணர்ந்தவர் ரிச்சர்ட் ஹாட்ச். தனித்தனியே நின்று ஆடுவதே யோக்கியம் என்று மற்றவர்கள் எண்ணியிருக்க, அவர் நால்வரை ஓரணியாகச் சேர்த்து, எதிரிகளை வரிசையாக விலக்கினார். மூவர் மிஞ்சிய நாளில், கம்பத்திலிருந்து கையை எடுக்காமல் நிற்கும் பந்தயத்தில், அவர் தாமாகவே கையை எடுத்துவிட்டு விலகியதைப் போன்ற நுட்பமான யுக்தியை நான் இவ்வகைப் போட்டிகளில் வேறெங்கும் கண்டதில்லை. ஓய்வுபெற்ற கடற்படை வீரரான ரூடி போஷ் எல்லோருக்கும் பிரியமானவர். அவரோடு இறுதிக்குப் போனால் தோல்வி. அவரைத் தாமே விலக்கினாலோ அவருடைய வாக்குப் போய்விடும். பந்தயத்தில் வென்றவரே மற்ற இருவரில் ஒருவரை விலக்க வேண்டும் என்பதால், வென்ற கெல்லி விக்கிள்ஸ்வொர்த் ரூடியை விலக்கி, அந்தப் பாவத்தைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டார். ரூடியின் வாக்கு ஹாட்சுக்கே விழுந்தது. கெல்லியின் சிநேகிதியாயிருந்த சூசன் ஹாக், ஹாட்சைப் பாம்பென்றும் கெல்லியை எலியென்றும் வர்ணித்துக் கொதித்துப் பேசிவிட்டு, பாம்புக்கே வாக்களித்தார். நான்குக்கு மூன்று என்று ஹாட்ச் வென்றார். தன்னை ஒளிக்காத சூழ்ச்சிக்காரனைக் காட்டிலும் நட்புக்குத் துரோகம் செய்தவரையே மனிதமனம் அதிகம் வெறுக்கிறது போலும்.

இந்த விதியை மறந்தவர் டெக்ஸாஸைச் சேர்ந்த ரஸ்ஸல் ஹான்ட்ஸ். இதே போட்டி 2009இல் சமோவாவில் நடந்தபோது, அவர் முதலிரவிலேயே தம் அணியினரின் குடிநீரைக் கொட்டினார். ஒருவருடைய காலுறையை நெருப்பிலிட்டார். கத்ரீனாப் புயலில் தீயணைப்பு வீரராக இருந்ததாகப் பொய்க்கதை சொல்லிக் கண்ணீர் வரவழைத்தார். எட்டுப் பேருக்கு எதிரே நால்வராய் நின்றும், மறைத்து வைக்கப்பட்டிருந்த, வெளியேற்றும் வாக்குகளிலிருந்து காக்கும் காப்புச் சிலைகளைத் தேடி எடுத்து, தம்மையும் சேர்த்துத் தம் அணியின் மூவரை இறுதிவரை கொண்டுசேர்த்த சாமர்த்தியம் அவருடையது. ஆனால் வெளியேறியவர்களிடம் அவர் பணிவு காட்டவில்லை, பரிவும் காட்டவில்லை. இனிய சுபாவமுள்ள நட்டாலி ஒயிட் ஏழு வாக்குகள் பெற, ரஸ்ஸலுக்குக் கிடைத்தவை இரண்டு.

அவ்வாக்குகளை டிசம்பரில் மேடையில் பிரித்து வாசித்த பின், வெற்றிப் பட்டத்தைத் தமக்கு விட்டுத்தந்தால் ஒரு லட்சம் டாலர் தருவதாக அவர் நட்டாலியிடம் கூறினார். அந்தப் பெண் மறுத்துவிட்டார். வருந்தத்தக்கது என்னவெனில், இந்த ஆட்டத்தின் தீர்ப்பு தெரியுமுன்னரே, ரஸ்ஸல் அதே சமோவாவில் நடந்த அடுத்த ஆட்டத்திலும் கலந்துகொண்டு, அதே வழியில் ஆடி முடித்துவிட்டிருந்தார். அதன் வாக்குகளை 2010 மே மாதம் எண்ணியபோது, சாண்ட்ரா டயஸ்-ட்வைனுக்கு ஆறு, பார்வதி ஷாலோவுக்கு மூன்று, ரஸ்ஸலுக்கு ஒன்றுகூட இல்லை.