மாறியங்கும் சேவைகளாக வலைச் செயலிகள்: பழவேற்காட்டு மீனவர் தேவையை முன்வைத்து

முன்னுரை

பழவேற்காடு ஏரி, சிலிக்காவிற்கு அடுத்த நிலையில் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதனைச் சார்ந்த குப்பங்களின் மீனவர்கள் ஏரியிலும் கடலிலும் தொழில் செய்கின்றனர். ஐதராபாத்தில் இயங்கும் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அலை உயரம், காற்று, மீன்வளம் மிக்க பகுதிகள் ஆகியன குறித்த முன்னறிவிப்புகளை வழங்கி வருகிறது. இவற்றோடு மீன்விலையையும் குப்பங்களுக்குக் கொண்டுசேர்க்கும் வலைத்தளம் ஒன்றை அமைப்பதாகக் கொள்வோம். விலைப்பகுதியைத் திருத்தும்பொழுது புயல் எச்சரிக்கைப் பகுதி நின்றுவிடலாகாது. இத்தேவையை நிறைவுசெய்யும் தொகுதிமுறை வழங்கிச் சட்டகத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

தொகுதியும் சேவைப் பதிவகமும்

1999இல் தொடங்கப்பெற்ற ஓஎஸ்ஜிஐ கூட்டமைப்பு, ஜாவா மொழிக்கான தொகுதிமுறைச் சட்டகத்தை வரையறுத்தது. 2010இல் வெளிவந்த அதன் 4.2 நிறுவனப் பதிப்பு, வலைச் செயலிகளை அச்சட்டகத்தினுள் நிறுவும் நெறியை வகுத்தது. இந்நெறிப்படி ஒவ்வொரு செயலியும் தனக்குரிய முகவரிப் பாதையைத் தன் விவரக்கோப்பில் குறித்த ஒரு தொகுதியாகும். தொகுதி தொடங்கப்பெற்றதும், 'நீட்டிப்பான்' என்னும் கூறு அதனை இனங்கண்டு, செயலியை அப்பாதையில் இயக்கி, சேவைப் பதிவகத்தில் பதிவுசெய்கிறது. தொகுதி நிறுத்தப்பெற்றால் பதிவும் நீங்குகிறது. வழங்கியை நிறுத்தவேண்டியதில்லை.

ஒரு பாதையில் ஒரு நேரத்தில் ஒரு செயலியே இயங்கும். அதே பாதையைக் கோரும் மற்றொன்று, முன்னது விலகும்வரை காத்திருக்கும். பழவேற்காட்டில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் பாடு முறையை இது ஓரளவு ஒத்தது. எனினும் பாட்டில் முறை சுழன்று வரும். இங்கு முன்னது தானே விலகுவதில்லை.

வரம்புகள்

எச்சரிக்கைத் தொகுதி, விலைத் தொகுதியின் நிரல்களை நேரடியாக இறக்குமதி செய்திருப்பின், பின்னதைப் புதுப்பித்து இணைப்புகளைச் சீரமைக்கும்பொழுது முன்னதும் நின்று மீளத் தொடங்கும். இடைமுகங்களை மூன்றாவது தொகுதியில் வைத்து, இரண்டும் பதிவகத்தின் வழியாகவே தொடர்புகொள்ளுமாறு அமைப்பது இதற்குத் தீர்வாகும். ஒரு சேவை எந்நேரமும் மறையக்கூடும் என்பதால், அதனைப் பயன்படுத்தும் தொகுதி அந்நிலையைக் கையாள அறிந்திருத்தல் வேண்டும். மேலும், எல்லாத் தொகுதிகளும் ஒரே ஜாவா மெய்நிகர் பொறியில் இயங்குவதால், ஒன்று நினைவகத்தை முழுதும் கொண்டால் அனைத்தும் பாதிப்புறும்.

முடிவுரை

தொகுதிகளாகப் பிரிப்பதனால் மட்டுமே தடையற்ற சேவை அமைந்துவிடாது. தொகுதிகளுக்கிடையிலான சார்பை வடிவமைக்கும் முறையே அதனை உறுதிசெய்கிறது. கடலுக்குச் செல்வோரின் உயிர்ப்பாதுகாப்பைத் தாங்கும் தகவல் தளங்களில் இவ்வேறுபாடு முதன்மையாகக் கருதத்தக்கது என்பது இதனால் புலனாகிறது.