தோசை மாவும் ஜெர்மன் முட்டைக்கோஸும்

மாணவர்களே, இரவில் கரைத்து வைத்த தோசை மாவு காலையில் பொங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்மானியர் வீட்டுச் சமையலில் முக்கிய இடம்பெறும் 'சவர்கிராவுட்' என்னும் புளித்த முட்டைக்கோஸும் இப்படித்தான் உருவாகிறது. இரண்டிலும் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு.

இந்தப் பாக்டீரியா முட்டைக்கோஸ் இலையிலேயே இருக்கிறது. அழுகச் செய்யும் நுண்ணுயிர்களும் அங்கேயே இருக்கின்றன. எது வெல்லும் என்பதை முடிவு செய்வது உப்பு. சவ்வூடு பரவல் மூலம் உப்பு இலையின் சாற்றை வெளியே இழுக்கிறது. காற்றில்லாத அந்த உப்பு நீரில் அழுகச் செய்பவை தளர்ந்துவிடும். லாக்டிக் அமிலப் பாக்டீரியாவோ இலையிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடும். அமிலம் கூடக்கூட, அதைத் தாங்கும் லாக்டோபசில்லஸ் வகை மீதி வேலையை முடிக்கும்.

செய்முறை எளிது. மெல்லியதாக நறுக்கிய 1 கிலோ முட்டைக்கோஸுக்கு 25 கிராம் உப்பை நிறுத்துச் சேருங்கள். சாறு ஊறும்வரை கையால் நன்றாகப் பிசையுங்கள். சுத்தமான கண்ணாடிச் சாடியில் அழுத்தி நிரப்பி, முட்டைக்கோஸ் சாற்றில் மூழ்கியிருக்கும்படி மேலே எடை வையுங்கள். வாயு வெளியேற வேண்டும், மூடியை இறுக்காதீர்கள்.

ஜெர்மனியில் சுமார் 20 டிகிரி செல்சியஸில் இது 3 முதல் 4 வாரங்களில் புளிக்கும். புஞ்சாக் ஆலாமிலோ பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் முட்டைக்கோஸ் குழைந்து கெட்டுப்போகலாம். எனவே, சாடியை ஐஸ் பெட்டியில் வைத்து, உறைந்த தண்ணீர்ப் போத்தலைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். புளித்தபின் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

உண்ணும் முன் பி.எச். தாளால் சோதியுங்கள். அளவு 4-க்குக் கீழ் இருக்க வேண்டும். 4.6-க்கு மேல் இருந்தால் கொடிய நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரக்கூடும். பூஞ்சணம், வழவழப்பு, துர்நாற்றம் இருந்தால் சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். உப்பு கரிக்கும் என்று அளவைக் குறைக்காதீர்கள்; சாப்பிடும்போது அலசிக்கொள்ளலாம்.

1768-இல் புறப்பட்ட கேப்டன் குக், தம் 'எண்டெவர்' கப்பலில் இந்த உணவை ஏராளமாக ஏற்றிச் சென்றார். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் அக்காலத்தில் கடலோடிகளைக் கொன்றுவந்தது. புளித்த முட்டைக்கோஸில் அந்தச் சத்து ஓரளவு தங்குகிறது. சூடு அதை அழிக்கும் என்பதால், வெங்காயத்துடன் வதக்கிய உருளைக்கிழங்கை இறக்கிய பிறகு இதைக் கலந்து சாப்பிடுங்கள்.